புதுப் பேரு

ஆலோசனை முற்றிலும் இலவசம் என்று சுவரில் ஒட்டியிருந்தது. இலவசம் என்று மட்டும் போட்டால் போதாதா, அது என்ன முற்றிலும் என்று, வந்து உட்கார்ந்த உடனேயே ஆவுடைச்செல்வியின் மனசு அந்தத் தாளோடு வம்புக்குப் போனது. முற்றிலும் இல்லாத இலவசம் என்று ஒன்று உண்டா? உண்டு. ஜங்ஷனில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன் சொல்லவில்லையா, “கடன் ஸ்கோர் பாக்கது ஃப்ரீ மேடம், அதை ஏத்திக் குடுக்கதுக்குத்தான் ஆறாயிரம்” என்று? ஆறாயிரம் கொடுத்தால் ஏறுகிறது என்றால் அது ஸ்கோரா, தியேட்டர் வாசலில் விற்கிற பிளாக் டிக்கெட்டா என்று அவள் கேட்டதற்கு அவன் கோபப்படவில்லை. சிரித்தான். “நல்லாப் பேசுதிய மேடம். ஆனா பேச்சுக்கு ஸ்கோர் ஏறாதுல்லா?” அந்தச் சிரிப்பு இரண்டு நாளாகக் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. பதில் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஏறிய பிறகு நல்ல நல்ல பதிலாக வந்தது. அவளுக்கு எப்போதும் பதில் வராமல் போனதில்லை, ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையை இப்போது நினைக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டையில் ஒரு வங்கியின் மாடி இது. கீழே நோட்டு எண்ணும் இயந்திரம் சடசடவென்று அடித்து ஓய்கிறது, மறுபடி அடிக்கிறது. மாடியில் கடன்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்கிற ஓர் அறை, அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, பெஞ்சில் அவளும் அப்பாவும். அப்பா மேலிருந்து வெனிலா எசன்ஸ் வாசனை. பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடுகிறவர் எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது. கைக்குழந்தையோடு ஒருத்தி முன்னாடியே உள்ளே போயிருக்கிறாள், குழந்தை விட்டு விட்டு அழுகிறது, கதவு திறக்கிற மாதிரி இல்லை. “இன்னும் கூப்பிடக் காணோமே தாயி,” என்கிறார் அப்பா. “கூப்பிடுவாங்கப்பா.” “பன்னிரண்டுக்குள்ள முடிஞ்சிருமா?” பன்னிரண்டு என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும்.

வருகிற திங்கட்கிழமை அவள் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர வேண்டும். இந்த வங்கி இல்லை, வேறொன்று. எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டே ராத்திரியெல்லாம் கண் விழித்து எழுதிய பரீட்சை, முதல் தடவையிலேயே தேறிவிட்டாள், தெருவே வந்து கை கொடுத்தது. பிறகு கடிதம் வந்தது, கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி வந்தது: விண்ணப்பதாரர் பெயரில் செலுத்தப்படாத கடன் ஏதும் இருந்தால் அதை முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றோடு வர வேண்டும், இல்லாவிட்டால் நியமனம் ரத்து. சரி, நம் பெயரில் என்ன கடன் இருக்கப்போகிறது என்று போனில் தட்டிப் பார்த்தால் ஸ்கோர் ஐந்நூற்று எழுபத்தொன்று. தொள்ளாயிரத்துக்கு. பத்தாம் வகுப்பில்கூட அவள் இவ்வளவு மோசமாக வாங்கியதில்லை. கேள்வித்தாள் கொடுக்காமலே மார்க் போட்டிருக்கிறார்கள், எந்தப் பாடம், எந்த வாத்தியார், மறுகூட்டல் உண்டா? வேலை கிடைத்தால்தானே கடனைக் கட்ட முடியும், கடனைக் கட்டினால்தான் வேலை என்றால் எந்த ஊர் நியாயம்? இதை எந்த மேடையில் சொன்னாலும் கை தட்டுவார்கள். கை தட்டுவார்கள், எழுந்து வீட்டுக்குப் போவார்கள், ஐந்நூற்று எழுபத்தொன்று அப்படியே இருக்கும். போகட்டும், அந்தக் கடன் என்ன அவள் தின்ற கடனா? ஸ்கூட்டர். ரஸ்க் லைனுக்கு அப்பாவுக்கு வண்டி வேண்டியிருந்தது. விடியற்காலையில் இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு மேலப்பாளையம் முதல் தச்சநல்லூர் வரை டீக்கடை டீக்கடையாகப் போடுகிற லைன். ஷோரூமில் கழுத்தில் டை கட்டிய பையன் அப்பா பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “அண்ணாச்சி, ஒங்க பேரு கெட்டுப் போயிருக்கு. வீட்ல புதுப் பேரு யாராது இருக்காவளா?” புதுப் பேரு. அப்பா திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கல்லூரி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என்ன வேலை என்ற இடத்தில் டியூஷன் டீச்சர் என்று டைக்காரனே எழுதிக்கொண்டான். அவள் யாருக்கும் அ, ஆ சொல்லிக் கொடுத்ததில்லை. சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள், அதை இல்லையென்று சொல்ல முடியாது. வண்டியின் ஆர்சி புத்தகத்தில் வெறும் இனிஷியல் எழுதிப் புள்ளி வைத்த மாதிரி இல்லை, முழுப் பெயர், ஆவுடைச்செல்வி பலவேசம், அச்சில். அம்மா வண்டிக்குச் சந்தனம் வைத்தாள். கறைபடாத பெயர் என்றால் வெள்ளைச் சேலை மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்து உடுத்திக்கொண்டு போய்விட்டு வரலாம் போல.

பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், தெரியாத நம்பர். நெஞ்சு ஒரு படி கீழே இறங்கியது. “எடுக்காத,” என்றார் அப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல். அது நின்றது. யாராக இருந்தால் என்ன, பிரவுசிங் சென்டர்க்காரனாகக்கூட இருக்கும். ஆனாலும் எடுக்காத. அவள் வீட்டில் பேசப்படுகிற வார்த்தைகளில் சாப்பிட்டியாவுக்கு அடுத்தது எடுக்காததான். பேக்கரி முதலாளி மூன்று மாதம் கூலியை இழுத்தடித்த வருஷம் தவணை நின்றது. அப்புறம் கடன் கொடுத்த கம்பெனியிலிருந்து போன் தொடங்கியது. காலையில் ஒரு குரல் மேடம் என்று கூப்பிடும், மத்தியானம் வேறு குரல் ஏம்மா என்று கூப்பிடும், சாயங்காலம் வருகிற குரலுக்கு அவள் பெயரே தேவைப்படாது. அவள் எடுக்கவில்லை என்றால் தோழி பிரமுவுக்குப் போகும், பிரமு எடுக்கவில்லை என்றால் விடுதி வார்டனுக்கு. “ஒங்க பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியுது, காசு கட்டத் தெரியாதா?” என்று போன் செய்தவன் கேட்டதை வார்டன் சாப்பாட்டு ஹாலில் வைத்து அப்படியே திருப்பிச் சொன்னாள். சாம்பார் வாளியோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதை அங்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பிறகு அந்த நாள் வந்தது, நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்த நாள். முருகன்குறிச்சி சிக்னலில் அப்பாவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள், சிவப்பு விளக்கு, பக்கத்தில் ஒரு பைக், அதிலிருந்து கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தன் கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தான், பூப்பறிக்கிற மாதிரி, அவ்வளவு பழக்கம். சத்தமில்லை, சண்டையில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து முகங்கள். அப்பா இறங்கினார், அவளும் இறங்கினாள். மாவட்ட அளவில் பேச்சுப்போட்டிக் கோப்பை வாங்கிய வாய்க்கு ஒரு எழுத்து வரவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்தீர்களா, நீங்கள் யார், அடையாள அட்டை எங்கே, நடுரோட்டில் பறிக்க எந்தச் சட்டம் சொல்கிறது, எல்லாம் பின்னால் வந்தது. அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கோங்க அண்ணாச்சி என்றான் ஒருத்தன். எடுத்துக்கொண்டு, அப்பா சொன்னார், தேங்ஸ் தம்பி. தேங்ஸ்! எதற்கு? தூக்குச் சட்டியை விட்டதற்கா? நாலு வருஷமாக அவள் அந்தத் தேங்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். தனக்குப் பேச்சே வரவில்லை, அவருக்காவது ஏதோ வந்தது என்ற நினைப்பு இடையில் ஒரு நாள் வந்தது. அதை உள்ளே விடவில்லை, விட்டால் சண்டை போட ஆளிருக்காது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் அழுகை இல்லை என்பதுதான் வேடிக்கை. அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள். “வண்டியத்தான் தூக்கிட்டுப் போயிட்டானுவல்லா, இனி என்ன, கணக்கு நேராயிட்டு.” பொருளாதாரம் படிக்கிற மகளும் ஆமாம் என்று தலையாட்டினாள். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரன் காசு கேட்பானா? தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள், வண்டி போனவர்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் சிம்மைக் கழற்றிக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி வேப்பமரத்தடியில் போட்டாள், புது நம்பர் வாங்கினாள், வீட்டையும் கொக்கிரகுளத்துக்கு மாற்றியாயிற்று. போன் அடிக்காத வீடு எவ்வளவு பெரிய வீடு. அடுத்த மாதமே ஒரு கல்லூரியில் விவாதம், கடன் நெருக்கடிக்குப் பொறுப்பு வாங்குபவரா கொடுப்பவரா என்று தலைப்பு, சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வாங்குபவர் என்று விழுந்தது. பேசினாள். தன் சக்தி அறியாமல் கை நீட்டுபவன், தவணை நாளில் முகம் மறைப்பவன் என்று என்னென்னவோ பேசினாள், மணி அடித்த பிறகும் பேசினாள், பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். உடைந்த ரஸ்க்குகளை அம்மா அதில்தான் போட்டு வைக்கிறாள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் முகம் மறைப்பவன் என்ற வார்த்தை உள்ளேயிருந்து ஆவி மாதிரி வருகிறது. யார் முகத்தை யார் மறைத்தார்கள்? பெஞ்சில் பக்கத்திலிருந்த அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மெல்லிய துணி, உள்ளே மடித்த தாள் தெரிகிறது, அது என்ன என்று காலையில் அவரே சொல்லிவிட்டார். தங்கை பேச்சியின் ஆதார் ஜெராக்ஸ். பேச்சிக்குப் போன மாதம் பதினெட்டு ஆகிவிட்டது. ஜங்ஷனில் ஒரு பைனான்ஸ்காரன் புதுப் பேருக்கு உடனடியாகக் கடன் தருகிறானாம், பன்னிரண்டு மணி வரை இருப்பானாம், அதை வாங்கி அக்காவின் பாக்கியை அடைத்துவிட்டால் அக்கா திங்கட்கிழமை வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் தங்கையின் கடனை அடைத்துவிடலாமாம். கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது. அவளுக்குச் சொன்னபோதும் இப்படித்தானே சரியாக இருந்தது. பேச்சி நர்சிங் முதல் வருஷம், கடன் என்றால் இன்னும் அது யாரோ ஒருவருடைய விஷயம். “நான் கையெழுத்துப் போடுதேன்க்கா, இதுல என்ன இருக்கு?” என்று காலையில் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள். இதுல என்ன இருக்கு! அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்குப் பேச்சியின் போனும் அடிக்கும், அவள் வார்டனும் சாப்பாட்டு ஹாலில் நிற்பாள், பிறகு அவளும் கத்தரிக்கோலைத் தேடுவாள். “ப்பா, அந்தத் தாள இங்க குடுங்க.” “இருக்கட்டும் தாயி. இவங்க என்ன சொல்லுதாங்கன்னு பாப்பம், சரி வரலேன்னா ஒரு வழி வேணும்லா?” “அது வழி இல்லப்பா.” “பின்ன எதுதான் வழி? நீயே சொல்லு, நீதான பேசுதவ.” குத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். கதவு திறந்தது. குழந்தை தோளில் தூங்கியிருந்தது, அம்மாக்காரியின் கண் சிவந்திருந்தது. நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியவில்லை.

புஷ்பலீலா மேடம் என்று மேசைப் பலகையில் இருந்தது. கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு டம்ளரில் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆவுடைச்செல்வி உட்காரவே இல்லை, பெஞ்சில் சேர்த்து வைத்ததையெல்லாம் நின்றபடியே இறக்கினாள்: கேள்வித்தாள் இல்லாத மார்க், வேலைக்கும் கடனுக்கும் உள்ள நியாயம், நடுரோட்டில் பறித்தது, டைக்காரன் எழுதிய பொய். மேடம் முழுக்கக் கேட்டாள், டீயும் முடிந்தது. “நல்லாப் பேசுதீங்க. எந்தக் காலேஜ்?” என்றாள். இவளுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்ப உக்காருங்க. நீங்க சொன்னதுல பாதி நியாயம், அத எழுதி மேல அனுப்பலாம், நானே எழுதித் தாரேன். ஆனா திங்கக்கெழமைக்கு அது ஒதவாது. வண்டியப் பிடிச்ச பெறவு அத எவ்வளவுக்கு வித்தான்னு ஒங்களுக்குச் சொன்னானா?” விற்றார்களா? அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி எங்கேயோ ஒரு கொட்டகையில் தங்கள் வண்டியாகவே நின்றுகொண்டிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. “ஏலம் விட்டிருப்பான். வந்த காசக் கழிச்சிட்டு மிச்சத்த ஒங்க பேர்ல வச்சிருக்கான், அதுக்கு வட்டி, வட்டிக்கு அபராதம். வண்டி போனா கடன் போச்சுன்னு யாரு சொன்னா?” “எல்லாரும்,” என்றார் அப்பா. “எல்லாரும் வந்து இந்தப் பெஞ்சுலதான் உக்காருதாங்க அண்ணாச்சி.” அவள் சிரிக்கவில்லை, ஆனால் கேலி இருந்தது, அப்பாவும் லேசாகச் சிரித்தார், எப்படித்தான் இவருக்குச் சிரிப்பு வருகிறதோ. மேடம் சொல்லிக்கொண்டே போனாள். விற்ற கணக்கைக் கேட்க வேண்டும், அபராதத்தைத் தள்ளச் சொல்லிப் பேரம் பேச வேண்டும், பாதியைக் கட்டி ஆளை விடு என்று முடித்துக்கொள்ளக் கூடாது, அதுவும் பெயரில் கறையாக நிற்கும். மிச்சத்தைத் தவணை போட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதைக் காட்டி வேலை கொடுத்த வங்கியிடம் சேருவதற்கு அவகாசம் கேட்க வேண்டும். “குடுப்பாங்களா மேடம்?” “கேட்டா குடுத்திருக்காங்க. குடுக்காமலும் இருந்திருக்காங்க.” “தங்கச்சி பேர்ல ஒரு லோன் எடுத்து இத மொத்தமா அடைச்சிட்டா?” என்று அப்பா சட்டைப் பைக்குக் கையைக் கொண்டு போனார். மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். “அண்ணாச்சி, ஒங்களுக்கு இன்னும் எத்தன பிள்ளைய?” அப்பாவின் கை பைக்குப் போகாமல் பொத்தான் மேலேயே நின்றுவிட்டது.

கம்பெனிக்கான கடிதத்தை ஆவுடைச்செல்வியே எழுதினாள், தமிழும் அவளுடையது, கோபமும் அவளுடையது, கோபத்தில் இரண்டு இடத்தை மட்டும் மேடம் அடித்தாள். கடைசியில் முகவரி, அதன் கீழே கைபேசி எண் என்று மேடமே கோடு போட்டு வைத்திருந்தாள். பேனா அங்கே நின்றது. பழைய எண்ணா? அது வேப்பமரத்தடியில் மக்காமல் கிடக்கும். “இது கட்டாயமா மேடம்?” “பின்ன எதுல கூப்பிடுவான்? நாலு வருசமா ஒங்களத் தேடி அலைஞ்சிருப்பான், பாவம்.” பாவமா, அவனா? ஒன்பது என்று முதல் இலக்கம் எழுதினாள். இதை எழுதினால் காலையில் மேடம், மத்தியானம் ஏம்மா, சாயங்காலம் பெயரில்லாத குரல். எழுதாவிட்டால் பேச்சி. தலையைப் பின்னிக்கொண்டே இதுல என்ன இருக்கு என்கிற பேச்சி. சுவரில் முற்றிலும் என்று போட்டவனுக்கு இந்த இடம் தெரிந்திருக்குமோ? காசு வாங்கவில்லை, சரிதான், ஒளிந்துகொண்டிருந்த இடத்தை அல்லவா வாங்கிக்கொள்கிறார்கள். இலக்கங்கள் கோணல்மாணலாக வந்தன, எட்டு மூன்று மாதிரி இருந்தது, அதைத் திருத்தித் தெளிவாக எழுதினாள். மேடம் அந்தத் தாளைப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினாள், பிறகு அங்கே யாரோ தெரிந்த அதிகாரிக்குப் போன் போட்டு, “பிள்ள இங்கதான் இருக்கா, நேர்ல பேசுவா, மரியாதையாப் பேசச் சொல்லுங்க ஒங்க ஆளுகள” என்றாள். “தேங்ஸ் மேடம்,” என்றார் அப்பா. அதே தேங்ஸ்தான். ஆனால் இதற்குக் காரணம் இருந்தது, அவளால் சண்டை போட முடியவில்லை. மாடிப்படியில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. கீழே நோட்டு எண்ணும் இயந்திரம் அடித்தது, ஓய்ந்தது. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார், பன்னிரண்டாக இன்னும் நேரம் இருந்தது, ஜங்ஷன் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும், அதை அவரும் நினைக்கிறார் என்று அவருடைய முதுகே சொன்னது. போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். இந்தத் தடவை யார் என்று தெரியும். நெஞ்சு பழைய வழியே ஒரு படி இறங்கியது, சாம்பார் வாளி, சிவப்பு விளக்கு, பூப்பறிக்கிற விரல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, அத்தனை பதிலும் எங்கே போயிற்றோ. “எடுக்காத தாயி,” என்றார் அப்பா, பழக்கத்தில். சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்து, நடுப்படியில் நின்று திரும்பி அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் ஒரு கையை அவருடைய சட்டைப் பையை நோக்கி நீட்டினாள், விரலை மடக்கித் தா என்றாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தாளை எடுத்தார், எடுத்துப் பார்த்தார், கொடுத்தார். அதை உள்ளங்கைக்குள் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்தாள்.

“ஆமா,” என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். “ஆவுடைச்செல்விதான் பேசுதேன். சொல்லுங்க.”